வீதியின் காவல்

பிற மாநிலங்களில் குடியேறி வாழும் நாம், வீடு தேடும்போது சில கேள்விகளைத் தவறாமல் கேட்கிறோம். வாடகை எவ்வளவு, தண்ணீர் எந்நேரம் வரும், பிள்ளைகளின் பள்ளி எத்தனை தொலைவு, கறிவேப்பிலையும் இட்லி அரிசியும் கிடைக்கும் கடை அருகில் உண்டா என்பன அவற்றுள் சில. இவற்றையெல்லாம் கேட்டு முடித்த பின்னர், குரலைச் சற்றே தாழ்த்தி மற்றொரு கேள்வியையும் கேட்கிறோம்: "இருட்டிய பிறகு இந்தப் பக்கம் பெண்கள் தனியே நடந்து வரலாமா?" மற்றக் கேள்விகளுக்கு என்ன விடை கிடைப்பினும், இதற்குக் கிடைக்கும் விடையைக் கொண்டே பெரும்பாலும் வீட்டை முடிவு செய்கிறோம்.

நஞ்சை என்றும் புஞ்சை என்றும் நிலத்தைப் பிரிப்பது போல, நல்ல இடம் என்றும் கெட்ட இடம் என்றும் நகரத்தைப் பிரித்துப் பேசுவது நமக்குப் பழக்கமாகிவிட்டது. நிலத்தின் இயல்பு மண்ணாலும் நீராலும் அமைவது. வீதியின் இயல்போ மனிதர் கையால் அமைவது. எங்கே சுவர் எழுப்புவது, எங்கே விளக்கு நடுவது, பேருந்து எங்கே நிற்பது, வீட்டின் சன்னல் எந்தப் பக்கம் திறப்பது என்று யாரோ ஒருவர் ஒருநாள் முடிவு செய்கிறார். அம்முடிவுகள் எல்லாம் சேர்ந்தே ஒரு வீதியை அச்சம் தருவதாகவோ அச்சம் தீர்ப்பதாகவோ ஆக்குகின்றன. மனிதர் கையால் கெட்ட வீதியை மனிதர் கையாலேயே திருத்தவும் இயலும். இன்றைய பேச்சின் சாரம் இதுவே.

குற்றத்திற்கு வேர்கள் பல. வறுமை, வேலையின்மை, குடிப்பழக்கம், பெண்ணைத் தாழ்வாக எண்ணும் மனப்போக்கு ஆகியவற்றை ஒரு தெருவிளக்கு மாற்றிவிடாது. வீட்டுக்குள்ளே நிகழும் கொடுமையை வீதியின் அமைப்பு தடுத்துவிடாது. ஆயினும், தீய எண்ணம் செயலாவதற்கு வாய்ப்பு ஒன்று வேண்டும். கோஹன், ஃபெல்சன் என்னும் அமெரிக்க ஆராய்ச்சியாளர் இருவர் 1979ஆம் ஆண்டில் இதனைத் தெளிவாக எடுத்துக் கூறினர். குற்றம் செய்யத் துணிந்தவன், அவனுக்கு ஏற்ற இலக்கு, தடுப்பார் இல்லாமை ஆகிய மூன்றும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் கூடினால்தான் குற்றம் நிகழ்கிறது என்பது அவர்கள் கருத்து. மூன்றில் ஒன்றை விலக்கினாலும் போதும். முதலாவதை விலக்குவது சமூகத்தின் நெடுங்காலப் பணி. மூன்றாவதை, அதாவது தடுப்பார் இல்லாத நிலையை, விலக்குவது வீதியை அமைப்போர் கையில் இருக்கிறது.

குற்றம் வேறு, குற்றத்தைப் பற்றிய அச்சம் வேறு. இவ்விரண்டும் எப்போதும் ஒரே அளவில் இருப்பதில்லை. ஆயினும் அச்சத்தை வெறும் மனமயக்கம் என்று ஒதுக்கிவிடலாகாது. அச்சத்தினால் ஒரு பெண் மாலைநேரக் கல்லூரியை விட்டுவிடுகிறாள். மற்றொருத்தி கூடுதல் ஊதியம் தரும் இரவுப் பணியை ஏற்க மறுக்கிறாள். முதியவர் உலாவச் செல்வதை நிறுத்துகிறார். பிள்ளைகள் வீட்டுக்குள்ளேயே அடைபடுகின்றனர். இவற்றை எந்தக் காவல் நிலையப் பதிவேடும் குறித்து வைப்பதில்லை. நல்லவர்கள் அஞ்சி விலக விலக வீதி வெறுமையாகிறது. வெறுமையான வீதியில் தீயோர்க்கு வாய்ப்பு மிகுகிறது. அதனால் அச்சம் இன்னும் வளர்கிறது. இந்தச் சுழலை எங்கேனும் ஓரிடத்தில் அறுத்தாக வேண்டும்.

எங்கே அறுப்பது என்று முதன்முதலாகத் தெளிவுறக் காட்டியவர்களுள் ஒருவர் ஜேன் ஜேக்கப்ஸ் என்னும் அம்மையார். நியூயார்க் நகரின் ஹட்சன் தெருவில் குடியிருந்தவர். பெரிய அமெரிக்க நகரங்களின் வாழ்வையும் சாவையும் பற்றி அவர் எழுதிய நூல் 1961ஆம் ஆண்டில் வெளிவந்தது. வீதியின் அமைதியைக் காப்பது முதன்மையாகக் காவலர் அன்று, வீதியைப் பயன்படுத்தும் மக்களே காக்கின்றனர் என்று அவர் வாதிட்டார். பாதுகாப்பான வீதிக்கு மூன்று இலக்கணங்களை வகுத்தார். பொது இடம் எது, தனியார் இடம் எது என்பது ஐயமின்றித் தெரிய வேண்டும். வீடுகளும் கடைகளும் வீதியை நோக்கியிருந்து, அவற்றிலுள்ளோர் கண்கள் வீதியின்மேல் இருக்க வேண்டும். நடைபாதையில் ஓயாமல் ஆள் நடமாட்டம் இருக்க வேண்டும். இம்மூன்றும் அமைந்த வீதியில் கடைக்காரரும், சன்னலோரம் அமர்ந்திருக்கும் பாட்டியும், வேலை முடிந்து திரும்பும் தொழிலாளியும் தாம் காவல் புரிகிறோம் என்று அறியாமலே காவல் புரிகின்றனர்.

அடுத்து, ஆஸ்கர் நியூமன் என்னும் கட்டடக்கலை அறிஞரைக் குறிப்பிட வேண்டும். செயின்ட் லூயிஸ் நகரில் 1950களில் ஏழை மக்களுக்கென்று புரூயிட்-ஐகோ என்னும் பெருங்குடியிருப்பு எழுந்தது. ஒவ்வொன்றும் 11 மாடிகள் கொண்ட 33 கட்டடங்கள். மின்தூக்கிகள் எல்லா மாடிகளிலும் நில்லாமல், சில மாடிகளில் மட்டுமே நிற்கும்படி அமைக்கப்பட்டன. மற்ற மாடிகளில் வாழ்ந்தோர் யாருக்கும் உரிமையில்லாத, யார் கண்ணுக்கும் படாத படிக்கட்டுகளில் ஏறி இறங்க நேர்ந்தது. அப்படிக்கட்டுகளும் நடைகளும் விரைவிலேயே வழிப்பறிக்கும் பாழ்படுத்தலுக்கும் இடமாயின. கட்டி இருபது ஆண்டு நிறைவதற்குள், 1972இல் அதை இடிக்கத் தொடங்கினர். அங்கே நியூமன் ஒன்றைக் கவனித்தார். இரண்டு குடும்பங்கள் மட்டும் பகிர்ந்துகொண்ட வாசற்பகுதி தூய்மையாக இருந்தது. இருபது குடும்பங்கள் பகிர்ந்துகொண்ட நடை பாழாய்க் கிடந்தது. "இது எங்களுடையது" என்று சிலராவது எண்ணும்படி அமைந்த இடம் காக்கப்படுகிறது என்று, அதே 1972ஆம் ஆண்டில் வெளிவந்த தம் நூலில் அவர் முடிவு கூறினார். அக்குடியிருப்பின் வீழ்ச்சிக்குப் பராமரிப்புப் பணம் இல்லாமையும், வேலையின்மையும், நிறவேற்றுமையும் காரணங்கள் என்று பின்வந்தோர் எடுத்துக்காட்டினர். அதுவும் உண்மையே. கல்லும் சுண்ணாம்பும் மட்டும் ஒரு குடியிருப்பை வாழவைப்பதும் இல்லை, கெடுப்பதும் இல்லை.

வெளிநாட்டு அறிஞர் கூறிய இக்கருத்து நம் நாட்டிற்குப் புதியதோ என்றால், அன்று. நம் ஊர் வீடுகளின் திண்ணையை நினைத்துப் பார்ப்போம். திண்ணை வீட்டுக்கும் தெருவுக்கும் இடைப்பட்டது. வீட்டாருக்கு உரியது, ஆயினும் வழிப்போக்கர் அமரலாம். அதில் அமர்ந்தவர் கண்ணுக்குத் தெருவின் இரு கோடியும் தெரியும். நாம் குடியேறிய ஊர்களிலும் இது வெவ்வேறு பெயருடன் இருக்கக் காண்கிறோம். தெலுங்கர் அருகு என்பர். கன்னடத்தில் ஜகலி. மராத்தியில் ஓட்டா. குஜராத்தியில் ஓட்லோ. கொல்கத்தாவின் பழைய தெருக்களில் வீட்டு முகப்பை ஒட்டிய மேடையை ரோயாக் என்பர். மாலைவேளையில் அங்கே அமர்ந்து அரசியலும் காற்பந்தும் பேசுவது வங்காளிகளின் வாழ்க்கையோடு ஒன்றிய பழக்கம். அகமதாபாத் பழைய நகரத்தின் 'போள்' என்னும் குடியிருப்புகளில் ஒடுங்கிய சந்தின் இருபுறமும் வீடுகள் ஒன்றையொன்று நோக்கி நிற்கும். ஓட்லோக்களில் அமர்ந்தோரை அறியாமல் புதியவர் ஒருவர் நுழைய இயலாது. அந்நகரம் 2017ஆம் ஆண்டில் உலக மரபுச் சின்னங்களின் வரிசையில் சேர்க்கப்பட்டது. மொழி பலவாயினும் கண்ட உண்மை ஒன்றே: வீட்டின் முகம் வீதியை நோக்கியிருந்தால் வீதிக்குக் காவல் உண்டு.

ஆயினும் பழமையைப் புகழும்போது அதன் குறையை மறைத்தலாகாது. திண்ணைகள் எல்லாம் எல்லாருக்கும் திறந்திருக்கவில்லை. சில தெருக்களில் சிலர் கால்வைக்கவே தடை இருந்தது. தெருவைப் பார்த்த கண்கள் அங்கே காத்தது சிலரை; கண்காணித்துத் துரத்தியது வேறு சிலரை. ஆகவே, எல்லாருடைய கண்களும் எல்லாரையும் காக்கும்படியான வீதியே இன்று நமக்கு வேண்டும். இந்த வேறுபாட்டைப் பின்னர் மீண்டும் நினைவுகூர்வோம்.

இன்றைய நகரங்கள் எப்படி இருக்கின்றன? பெருநகரத்துப் புதிய குடியிருப்பு ஒன்றின் வெளிப்புறத்தை நோக்குவோம். ஆளுயரத்துக்கு மேற்பட்ட மதில். மதில்மேல் கண்ணாடிச் சில்லு அல்லது முள்வேலி. பின்வாயில்கள் இரும்புக் கதவிட்டுப் பூட்டப்பட்டுள்ளன. முன்வாயிலில் காவற்காரர் ஒருவர். உள்ளே இருப்போர் அமைதியாக உறங்குகின்றனர். வெளியே அதே மதிலை ஒட்டி ஒரு பெண் பேருந்து நிலையத்திலிருந்து அரைக் கிலோமீட்டர் நடந்து வரவேண்டியிருக்கிறது. ஒருபுறம் மதில், மறுபுறம் விரைந்தோடும் வண்டிகள். அவள் கூவினாலும் கேட்பார் இல்லை; ஓடி நுழைய ஒரு கடையும் இல்லை. மதில் உள்ளிருப்போரின் அச்சத்தை நீக்கவில்லை. அதை வெளியே நடப்போர் தலையில் இறக்கி வைத்துவிட்டது. அங்ஙனம் நடப்போருள் அதே குடியிருப்பின் பெண்களும், அங்கே வீட்டுவேலை செய்ய வரும் தாய்மாரும் உண்டு என்பதை மதில் கட்டியவர்கள் மறந்துவிட்டனர்.

நகரத்தைத் துண்டு துண்டாகப் பிரித்ததும் ஒரு குறை. ஓரிடத்தில் அலுவலகங்கள் மட்டும், மற்றோரிடத்தில் வீடுகள் மட்டும் என்று வகுத்தால், அலுவலகப் பகுதி மாலை ஏழு மணிக்கெல்லாம் ஆளற்றுப் போகிறது. வீட்டுப் பகுதி நண்பகலில் வெறிச்சோடுகிறது. வீடும் கடையும் பள்ளியும் உணவகமும் கலந்திருக்கும் வீதியில் எந்நேரமும் யாரேனும் இருப்பர். மும்பையின் மரைன் டிரைவை அறிந்தவர்கள் இதை உணர்வர். ஒருபுறம் கடல், மறுபுறம் வரிசையாக வீடுகள், இடையே அகன்ற நடைபாதை. அமர்வதற்கு நெடுகிலும் தாழ்ந்த சுவர். ஒளிந்துகொள்ள ஒரு மூலையும் இல்லை. இரவு நெடுநேரம் வரை குடும்பத்தினரும் தனியே வந்த பெண்களும் அங்கே காற்று வாங்குவதைக் காணலாம்.

2012ஆம் ஆண்டு டிசம்பர் 16ஆம் நாள் இரவு டில்லியில் நிகழ்ந்த கொடுமை நாடு முழுவதையும் நடுங்கச் செய்தது. தமிழர் பலர் வாழும் ராமகிருஷ்ணபுரத்தை அடுத்த முனிர்காவில், வீடு திரும்ப ஊர்தி தேடி நின்ற இளம்பெண்ணும் அவள் நண்பரும் ஒரு தனியார் பேருந்தில் ஏறினர். அதன்பின் நிகழ்ந்ததை நாம் அறிவோம். நீதிபதி வர்மா தலைமையில் அமைந்த குழு 2013 ஜனவரியில் அறிக்கை அளித்தது. அவ்வாண்டே சட்டம் திருத்தப்பட்டது. தண்டனையைக் கடுமையாக்கியதோடு அமைதியுற்றால் போதாது. இரவு ஒன்பது மணிக்கு நம்பத்தக்க பேருந்து ஒன்று உரிய நேரத்தில் வந்து நிற்பதும் பெண்ணின் காவலே ஆகும். பேருந்து நிறுத்தத்தை அமைப்பவர் அந்தப் பொறுப்பை உணர வேண்டும். விளம்பரத் தகடுகளால் மூன்று பக்கமும் அடைக்கப்பட்ட நிறுத்தத்தில் நிற்பவருக்கு வெளியே யார் வருகிறார் என்று தெரியாது; வெளியே செல்வோருக்கும் உள்ளே நிகழ்வது தெரியாது. திறந்த பக்கங்களும், விளக்கும், அருகில் ஒரு கடையும் உள்ள நிறுத்தமே நல்ல நிறுத்தம்.

அதற்குப் பின்னர் டில்லியில் நல்ல முயற்சி ஒன்று தோன்றியது. கனடாவின் டொராண்டோ நகரில் 1989ஆம் ஆண்டளவில் பெண்கள் குழுவாகத் தெருக்களில் நடந்து, எங்கெங்கே அச்சம் தோன்றுகிறது, ஏன் தோன்றுகிறது என்று குறித்து நகராட்சியிடம் அளிக்கும் முறையை உருவாக்கினர். டில்லியில் ஜாகோரி என்னும் பெண்கள் அமைப்பு இம்முறையைக் கையாண்டது. 2013இல் கல்பனா விசுவநாத், ஆஷிஷ் பாசு ஆகியோர் சேஃப்டிபின் என்னும் கைப்பேசிச் செயலியைத் தொடங்கினர். ஓரிடத்தில் நின்று ஒன்பது செய்திகளை ஆராயும்படி அது கேட்கிறது. வெளிச்சம் போதுமா? நாற்புறமும் பார்வை தடையின்றிச் செல்கிறதா? வீடு, கடைகளின் கண்கள் அங்கே படுகின்றனவா? மக்கள் இருக்கின்றனரா? அவர்களுள் பெண்களும் பிள்ளைகளும் உண்டா? காவலர் உண்டா? நடக்கப் பாதை உண்டா? பேருந்தோ ரயிலோ அருகில் உண்டா? இறுதியாக, அங்கே நிற்பவர் மனத்தில் என்ன தோன்றுகிறது? இக்கேள்விகளுக்கு விடை காணப் பொறியியல் பட்டம் வேண்டியதில்லை. நம் இல்லத்துப் பெண்கள் நாள்தோறும் மனத்துக்குள் கணக்கிட்டு வருபவையே இவை. அக்கணக்கைத் தாளில் எழுதி அதிகாரிகள் முன் வைத்ததே அம்முயற்சியின் சிறப்பு.

இவற்றுள் விளக்கைப் பற்றிச் சற்று விரித்துக் கூறுவது தகும். நியூயார்க் நகரின் அரசுக் குடியிருப்புகளில் 2016ஆம் ஆண்டு ஒரு சோதனை செய்தனர். சீட்டுக் குலுக்குவது போலத் தேர்ந்தெடுத்த ஏறக்குறைய 40 குடியிருப்புகளில் கூடுதல் விளக்குக் கம்பங்களை ஆறு திங்கள் நிறுத்தி, மற்றக் குடியிருப்புகளோடு ஒப்பிட்டனர். இரவில் வெளியிடங்களில் நிகழும் பெருங்குற்றங்கள் மூன்றில் ஒரு பங்குக்கும் சற்று மேலாகக் குறைந்தன என்று கண்டனர். விளக்கால் பயன் உண்டு என்பது இதனால் தெளிவாகிறது. ஆனால் விளக்கை நடுவதிலும் முறை வேண்டும். நம் நகரங்களில் பெரும்பாலான விளக்குகள் வண்டிகளுக்காக உயரத்தில் நிற்கின்றன; அவற்றுக்கும் நடைபாதைக்கும் இடையே மரக்கிளை அடர்ந்து, சாலை பளிச்சிட நடப்பவர் பாதை இருளில் ஆழ்கிறது. ஒரு கம்பத்தின் அடியில் கண்கூசும் ஒளியும், அடுத்த கம்பம் வரை காரிருளும் இருந்தால், ஒளியில் நிற்பவர் கண்ணுக்கு இருளில் நிற்பவன் தெரியமாட்டான். அவனுக்கோ இவரை நன்றாகத் தெரியும். ஆளுயரத்துக்குச் சற்று மேலே, இடைவெளி குறைத்து, சீராகப் பரவும்படி அமைத்த மிதமான ஒளியே நடப்போர்க்கு ஏற்றது. எதிரே வருபவரின் முகத்தைப் பத்தடித் தொலைவிலேனும் அடையாளம் காணமுடிவது நல்ல விளக்குக்கு எளிய அளவுகோல். மரத்தை வெட்ட வேண்டுவதில்லை. தாழ்ந்த கிளைகளைக் கழித்தாலே போதும்.

சாலையைக் கடக்கும் சுரங்கப் பாதைகளும் இவ்வாறே. உள்ளே நுழையுமுன் மறுகோடி தெரியாத, வளைந்து செல்லும் சுரங்கப் பாதையில் பெண்கள் இறங்குவதில்லை. வண்டிகளுக்கிடையே உயிரைப் பணயம் வைத்து மேலேயே கடக்கின்றனர். விதியை மீறுகிறார்கள் என்று அவர்களைக் கடிவதில் பயன் இல்லை. அகலமும் நேர்மையும் வெளிச்சமும் உள்ள பாதை, உள்ளே சில கடைகள், அல்லது மேலேயே வண்டிகளை நிறுத்திக் கடக்க ஒரு விளக்கு ஆகியவையே தீர்வு. பொதுக் கழிப்பறைகளையும் மறக்கலாகாது. ஒதுக்குப்புறத்தில், மதிலுக்குப் பின்னே, மாலையானால் பூட்டிவிடும் கழிப்பறை பெண்களுக்கு இருந்தும் இல்லாததே.

இனி, வீதியின் கண்களாக இருப்போரைப் பற்றிப் பேசுவோம். மூலையில் இஸ்திரி போடுபவர், தேநீர் விற்பவர், பூக்காரி, காய்கறி வண்டிக்காரர் ஆகியோர் விடியலிலிருந்து இரவு வரை ஒரே இடத்தில் இருப்பவர்கள். யார் எந்த வீட்டுப் பிள்ளை, யார் புதியவர் என்பதை அவர்களே அறிவர். ஆயினும் ஒரு திருட்டு நிகழ்ந்தவுடன் குடியிருப்போர் சங்கங்கள் முதலில் கேட்பது அவர்களை அகற்ற வேண்டும் என்பதுதான். அகற்றியபின் அம்மூலை இருளடைகிறது. தெரு வணிகர்களைக் காக்கவும் ஒழுங்குபடுத்தவும் 2014ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. ஒவ்வொரு நகரிலும் விற்பனைக் குழு அமைக்க வேண்டும், அதில் ஐந்தில் இரண்டு பங்கினருக்குக் குறையாமல் தெரு வணிகர்களே இருக்க வேண்டும், அவ்வணிகர் உறுப்பினருள் மூன்றில் ஒரு பங்கினர் பெண்களாக இருக்க வேண்டும் என்பது அதன் விதி. நடப்போர்க்கும் வழிவிட்டு, வணிகர்க்கும் இடம்விட்டு நடைபாதையை வகுப்பது இயலாத செயல் அன்று.

இவ்விடத்தில் நம்மைப் பற்றியும் எண்ணிப் பார்க்கக் கடமைப்பட்டுள்ளோம். மும்பைத் தெருக்களில் விடியற்காலையில் தலையில் பாத்திரத்தைச் சுமந்து இட்லி விற்போரில் பலர் தாராவியிலிருந்து வரும் தமிழர். அயலூரில் நாம் ஒவ்வொருவரும் ஒரு காலத்தில் "யார் இந்தப் புதியவர்?" என்று ஐயுற்றுப் பார்க்கப்பட்டவர்களே. பிறகு நாமே ஒரு சங்கத்தில் உறுப்பினராகி, வாயிற்கதவுக்கு உட்புறம் இருந்துகொண்டு, பீகாரிலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ வந்த கூலித் தொழிலாளியை அதே ஐயக்கண்ணால் நோக்கலாமா? உருவத்தையும் மொழியையும் கண்டு ஐயுறுவது காவல் ஆகாது. தவறான செயலைக் கண்டால் குரல் கொடுப்பதே காவல்.

2025ஆம் ஆண்டு ஜூன் முதல் நாள் டில்லி ஜங்புராவில் பாராபுலா வடிகாலை ஒட்டியிருந்த மதராஸி கேம்ப் இடிக்கப்பட்டது. ஏறக்குறைய 370 குடிசைகள்; பல்லாண்டுகளாக அங்கே வாழ்ந்தவர் பெரும்பாலும் தமிழர்; பெண்களில் பலர் அக்கம்பக்கத்தில் வீட்டுவேலை செய்தவர்கள். வெள்ளநீர் செல்ல வடிகாலைத் திறக்க வேண்டும் என்பது நீதிமன்றத்தின் ஆணை. மாற்றுவீடு பெறத் தகுதியுடையோர் என்று ஏற்கப்பட்ட சிலருக்கு நகரின் வடகோடியிலுள்ள நரேலாவில் இடம் காட்டப்பட்டது. வடிகாலின் தேவையைப் பற்றி நாம் வாதிட வரவில்லை. மனிதரை இடம்பெயர்க்கும்போது வீட்டோடு வேறொன்றும் அழிகிறது என்பதையே கூறுகிறோம். ஒருத்தி பணிமுடிந்து இரவில் திரும்பும்போது "ஏன் அக்கா இவ்வளவு நேரம்?" என்று கேட்கும் பக்கத்து வீட்டுக் குரல் அது. புதிய இடத்தில் சுவரும் கூரையும் தரலாம். அக்குரலைத் தருவது எளிதன்று. மக்களைக் குடியமர்த்துவோர் பக்கத்து வீட்டாரைப் பக்கத்திலேயே வைத்துக் குடியமர்த்தினால், செலவில்லாமல் ஒரு காவலை அளித்தவர் ஆவர்.

நன்முயற்சி ஒன்றையும் கூற வேண்டும். தமிழர் பல தலைமுறையாக வாழும் மும்பை மாதுங்காவில் மேம்பாலம் ஒன்று எழுந்தது. பாலத்தடி நிழலில் வண்டிகளும் குப்பையும் சேர்ந்தன. வேண்டாத செயல்களும் இடம்பெறத் தொடங்கின. அப்பகுதி மக்கள் கம்பிவேலி கேட்கவில்லை, தோட்டம் கேட்டனர். விடாது மாநகராட்சியை அணுகி, 2016இல் அங்கே நானாலால் மேத்தா பூங்கா உருவாகச் செய்தனர். ஏறக்குறைய 600 மீட்டர் நீளமுள்ள அதன் நடைபாதை நருமதை ஆற்றின் போக்கைப் போல வளைந்து செல்கிறது. அஞ்சி விலகிய இடத்தில் இன்று முதியோர் உலாவுகின்றனர். பாழான இடத்தைப் பூட்டுவதைவிட அதற்கு ஒரு பயனைக் கொடுப்பதே மேல் என்பதற்கு இது சான்று. இத்தகைய இடங்களை மாற்றும்போது, வேறு போக்கிடம் இன்றி அங்கே உறங்கியவர்க்கும் வழிசெய்தால்தான் பணி முழுமை பெறும்.

மறைகாணிக் கருவிகள் பற்றிப் பலர் கேட்கக்கூடும். குற்றம் நிகழ்ந்தபின் ஆளைக் கண்டறிய அவை உதவுகின்றன. கூவும் குரல் கேட்டு அவை ஓடி வருவதில்லை. கருவி பொருத்தியாயிற்று என்று விளக்கையும் நடைபாதையையும் கைவிட்டால் பெற்றதைவிட இழந்ததே மிகுதி. மற்றொன்று: பெண்ணின் காவல் என்ற பெயரால் அவளை வீட்டுக்குள் இருத்துவது எளிய வழியாகத் தோன்றும். ஷில்பா பாட்கே, சமீரா கான், ஷில்பா ரானடே ஆகியோர் மும்பையை ஆராய்ந்து 2011இல் எழுதிய நூல் இதை மறுக்கிறது. ஆண் ஒருவன் காரணமின்றித் தெருவில் நிற்கலாம். பெண்ணோ கையில் பையுடனும் காதில் கைப்பேசியுடனும், தனக்கு ஒரு வேலை இருப்பதாகக் காட்டிக்கொண்டே நடக்க வேண்டியிருக்கிறது. வேலை ஏதும் இன்றி, காற்று வாங்குவதற்காகவே பெண்கள் நிற்கக்கூடிய வீதியே அச்சம் நீங்கிய வீதி என்பது அவர்கள் துணிபு. அமர்வதற்குப் பொதுவிடத்தில் ஒரு பலகை போடுவதும், அதில் பெண்கள் அமரக் கண்டு முகஞ்சுளிக்காதிருப்பதும் அதற்கு முதற்படி.

நாம் செய்யக்கூடியவை யாவை? மொழி வேறு, ஊர் வேறு என்று ஒதுங்கியிருத்தல் தகாது. வரி செலுத்துகிறோம், வாக்களிக்கிறோம். 1993 முதல் நடைமுறையிலுள்ள 74ஆம் அரசியலமைப்புத் திருத்தம் நகராட்சிகளுக்கு அரசியலமைப்பில் நிலையான இடம் அளித்தது. மூன்று லட்சத்துக்குக் குறையாத மக்கள்தொகை கொண்ட நகரங்களில் வட்டக் குழுக்கள் அமைய வேண்டும் என்றும் விதித்தது. ஒரு மாலைப்பொழுதில், விளக்கேற்றும் நேரத்தில், நம் தெருவைச் சேர்ந்த பத்துப் பேர் பெண்களை முன்னிட்டு நடந்து பார்ப்போம். எந்தக் கம்பத்து விளக்கு எரியவில்லை, எந்த மதில் பார்வையை மறைக்கிறது, எங்கே நடைபாதை அறுந்து போகிறது என்று எண்ணிட்டுக் குறிப்போம். அதை அவ்வூர் மொழியில் எழுதி வட்ட உறுப்பினரிடம் நேரில் கொடுப்போம். அண்டை வீட்டுப் பஞ்சாபியரும் மராத்தியரும் வங்காளியரும் உடன் கையொப்பமிட்டால் அதன் வலிமை பன்மடங்காகும். தமிழ்ச் சங்கங்கள் பொங்கல் விழாவுக்கும் இசைவிழாவுக்கும் கூடும் கூட்டத்தில் அரைமணி நேரத்தை இதற்கு ஒதுக்கலாம்.

வீட்டளவிலும் செய்ய வழி உண்டு. மதில் எழுப்ப நேர்ந்தால் இடுப்பளவோடு நிறுத்தி, மேலே கம்பி வைக்கலாம். வாசல் விளக்கை இருட்டியதும் ஏற்றி வைக்கலாம். வாடகை வீடாயினும் மாலையில் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே முடங்காமல், வாசலில் ஒரு நாற்காலியேனும் போட்டு அமரலாம். இடர் நேரும்போது நாடெங்கும் 112 என்னும் எண்ணை அழைக்கலாம் என்பதை வீட்டுப் பிள்ளைகளுக்கும், வேலைக்கு வரும் தாய்மாருக்கும் சொல்லி வைக்கலாம்.

காவலர் ஒருவர் ஒரு வீதியை நாள் முழுவதும் பார்த்துக்கொண்டிருக்க இயலாது. வீதியிலேயே வாழ்வோர் பார்த்துக்கொண்டிருக்க இயலும். அதற்கு வீதி அவர்களுக்கு இடம் தர வேண்டும். ஓர் ஊர் நமக்குச் சொந்தமாவது, அங்கே வீடு வாங்கிய நாளில் அன்று. நம் மகளும், நம் வீட்டில் வேலை செய்யும் அம்மையாரின் மகளும் இரவு ஒன்பது மணிக்கு அவ்வூர் வீதியில் அச்சமின்றி நடந்து வரும் நாளில்தான் அது சொந்தமாகிறது. அந்நாளை நாம் வாழும் ஊர்தோறும் வருவிக்க முயல்வோமாக.